கொழும்புக் கட்டிடமா, செம்பூர் மேடா

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சரியாகச் சொன்னால் இரண்டேமுக்கால். ஆனால் அந்தக் காலத் தாராவியில் என்னைக் கேட்காமல் தோலுக்கு விலை சொன்னவன் கிடையாது. என் கண்ணைக் கட்டிவிட்டு ஓர் ஆட்டுத்தோலை மூக்குக்கு முன்னால் நீட்டினால் போதும். உப்புப் போட்டு எத்தனை நாள், மழை பட்டதா, எந்த மூட்டைக்கு அடியில் கிடந்தது, எல்லாம் சொல்லிவிடுவேன். பெரிய பெரிய கம்பெனி ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து என் மூக்கின் பதிலுக்காக நின்றிருக்கிறார்கள். மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் அது தப்புச் செய்யவில்லை. சரியாகத்தான் சொன்னது.

எனக்கு ஒரே மகள். மூக்கு மட்டும் அப்படியே என்னுடையது. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டு வந்தவள், தோல் ஊறும் தொட்டிகளைத் தாண்டும்போது நின்று, "அப்பா, மூணாவது தொட்டி கெட்டுப் போச்சு" என்றாள். எனக்கே அப்போது தெரியவில்லை. மறுநாள் காலையில் தெரிந்தது. தாராவி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம் இது. அவளுக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது.

என் அக்காவைக் கொழும்பில் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு அங்கே செருப்புத் தோல் வியாபாரம். பத்து வருஷம் என் சரக்குதான் போனது. என் பங்கு லாபம் அங்கேயே தங்கிப் பெருகியது. அதை வைத்து ஒரு கட்டிடம் வாங்கிவிடலாம் என்று மச்சான் எழுதினார். புறக்கோட்டைக் கடைத்தெருவில் மூன்று தளம். கீழே கடை, நடுவில் சரக்கறை, மேலே வீடு. அந்த இடத்துக்கு அந்த விலை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் வீட்டுக்காரிக்கு அது பிடிக்கவில்லை. அவள் கண் செம்பூரில் இருந்தது. திலக் நகரைத் தாண்டி ஒரு மேடு. சுற்றிலும் சேறும் கோரையுமாகக் கிடக்க, அந்த இடம் மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. உல்லாஸ்நகரில் இருந்த ஒரு சிந்திக்காரச் சேட்டுக்குச் சொந்தம். அந்தப் பணத்தை எப்படியாவது இங்கே திருப்பிக்கொண்டுவந்து இதை வாங்குங்கள் என்று நச்சரித்தாள்.

சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சேட் குடையை ஊன்றி நின்றார். நான் பேச்சுவாக்கில், கொழும்பிலும் ஒரு கட்டிடம் வருகிறது சேட், எதை எடுப்பது என்று பார்க்கிறேன் என்று இந்தியில் கொஞ்சம் மிதப்பாகச் சொன்னேன். மனிதர் சிரித்தார். ஜிப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். பெரிய பெரிய இரும்புச் சாவிகள். துரு ஏறவில்லை. எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"கராச்சில எனக்கு மூணு வீடு, தம்பி. நான் வெளிநாட்டுல வாங்கல. சொந்த ஊர்லதான் வாங்கினேன். ஒரு நாள் காலைல எழுந்து பார்த்தா அது வெளிநாடு. நீ என்னடான்னா காசைக் குடுத்து வெளிநாட்டையே வாங்கப் போற."

"உங்க கதை வேற, சேட்."

"எல்லார் கதையும் வேறதான். சாவி மட்டும் ஒரே மாதிரி இருக்கும்."

எண்ணெய் மினுமினுக்க அதைத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரிக்கு இந்தி பாதிதான் புரியும். ரயிலில் வரும்போது கேட்டாள்.

"அது என்ன சாவி? அவர் முகம் ஏன் அப்படிப் போச்சு?"

"கடைச் சாவி. எனக்கு எத்தனை கடை பாருன்னு காட்டுதாரு."

இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

எனக்குக் கொழும்பின் மேல் ஏன் அப்படி ஒரு வெறி என்று கேட்டால் சொல்கிறேன். பதினாறு வயதில் எங்கள் ஊரிலிருந்து ஏழு பேர் இலங்கைக்குப் புறப்பட்டோம். கப்பலுக்கு முன்னால் ஆட்களை நிறுத்திச் சோதிக்கிற முகாம் ஒன்று உண்டு. கோவணத்தோடு வரிசையில் நிற்க வைத்தார்கள். என் விரல் இடுக்கில் சிரங்கு. கம்பவுண்டர் ஒரு குச்சியால் என் கையைத் தொட்டு, "இது வேண்டாம்" என்றான். 'இவன்' என்றுகூடச் சொல்லவில்லை. மற்ற ஆறு பேரும் கப்பலேறினார்கள். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு வேறு திசையில் ரயிலேறியவன்தான் நான். டிக்கெட் இல்லாமல் பம்பாய்க்கு வந்தேன். பாந்திரா வெட்டுக்கூடத்து வாசலில் ரத்தம் சொட்டும் பச்சைத் தோலைத் தலையில் சுமந்தேன். பதினைந்து வருஷத்தில் சொந்தமாக எட்டுத் தொட்டி கட்டினேன். ஒருவனிடமும் கை ஏந்தவில்லை. ஆனாலும் அந்தக் குச்சி என் கையை விட்டுப் போகவில்லை.

அதனால் கட்டிடத்தைப் பார்க்கப் போனபோது வெள்ளைச் சட்டை, தங்கப் பொத்தான், முதல் வகுப்பு டிக்கெட். அதே கடல். இந்தத் தடவை என்னை ஐயா என்று கூப்பிட்டார்கள்.

கொழும்பு ஸ்டேஷனுக்கு மச்சான் வந்திருந்தார். பாதி ஆளாக மெலிந்திருந்தார். நான் வழக்கமான என் குரலில் "என்ன மச்சான், இப்படி வத்திப் போனிய?" என்று கேட்டேன். தாராவியில் அது சாதாரணக் குரல். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தார்.

"மெதுவா பேசு மாப்ள. இங்கன யாரும் இவ்வளவு சத்தமா தமிழ் பேசுததில்ல."

கடைத்தெருவில் எங்கள் ஆட்களின் கடைகளில் பலகைகள் புதிதாக இருந்தன. மேலே அந்த ஊர்ச் சிங்கள எழுத்து பெரிதாக, கீழே தமிழ் சின்னதாக. சிலவற்றில் தமிழே இல்லை. கல்லாவில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டிடம் நல்ல கட்டிடம். அதை இன்றைக்கும் சொல்வேன். சுவர் ஒரு முழக் கனம். முழுக்கப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மேல் தளத்து அறைக் கதவை மச்சான் திறந்தார். உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டேன்.

சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில் வேறு ஒன்று. தோலையும் மயிரையும் கழிவென்று ஒதுக்கி எரிக்கும்போது வருமே, அந்த வாடை. மரம் எரிந்தால் அப்படி வராது. துணி எரிந்தாலும் வராது. நான் கையைத் தூக்கி மேலே ஓடிய உத்தரத்தை நகத்தால் கீறினேன். சுண்ணாம்பு உதிர்ந்தது. நகத்துக்குள் கரி.

"இது என்ன மச்சான்?"

"பழைய வீடு. சமையல் புகையா இருக்கும்."

"படுக்கிற அறையிலயா சமைச்சாவ?"

அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி நின்று, குரலே இல்லாத குரலில் பேசினார்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி நடந்த கலவரம். ஒரே ஒரு நாள். இப்ப எல்லாம் சரியாயிட்டு. பிறகு விலை ஏன் இவ்வளவு கம்மின்னு நெனச்ச?"

"ஆள் இருந்தாவளா உள்ள?"

"நீ கட்டிடம் பாக்க வந்தியா, சாட்சி சொல்ல வந்தியா மாப்ள?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கைக்குட்டையை எடுத்து நகத்தைத் துடைத்தேன். ஜன்னல் இடுக்கு வழியாகத் துறைமுகத்துப் பாய்மரங்கள் தெரிந்தன. கம்பவுண்டர் இப்போது இருந்தால் வந்து பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. வெளிநாட்டுக்காரன் நிலம் வாங்கினால் விலை எவ்வளவோ அவ்வளவு வரியும் கட்ட வேண்டும் என்று அங்கே புதுச் சட்டம். மச்சானும் அவர் மகனும் அந்த ஊர்ப் பிரஜையாகப் பதிந்துகொண்டவர்கள். அவர்கள் பேரில் வாங்கினால் வரி இல்லை.

"என் மவன் பேர்ல எழுதுவோம்," என்றார் மச்சான். "உன் மவளை அவனுக்குக் குடு. அத்தை மவன், முறைப்பையன். நாளைக்கு உன் பேரன் ஆளப் போற சொத்து. அது யார் பேர்ல இருந்தா என்ன?"

எனக்கு அது அபாரமான யோசனையாகப் பட்டது. வக்கீல் எழுதும் பத்திரத்தைப் புரட்டி எழுதலாம், முறைக் கல்யாணத்தைப் புரட்ட முடியுமா? எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் சொத்தைக் கைக்குள் வைத்திருந்தார்கள். பத்திரத்துக்குப் பதிலாக மகளை வைக்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று தோன்றியது. கப்பலில் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சிரிப்பு எடுபடவில்லை.

"உங்க அக்கா மவன் தாராவியில இருந்தா நாளைக்கே குடுக்கேன்," என்றாள் என் வீட்டுக்காரி. "பிள்ளைக்குத் தலைவலின்னா நான் கப்பல் ஏறணுமா? அந்த ஊரைப் பத்திப் பேப்பர்ல போட்டதெல்லாம் பக்கத்துக் கோலி வீட்டுல வாசிச்சாவ. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"பேப்பர்ல தாராவியைப் பத்தியும்தான் போடுதான். நீ செத்தா போன?"

"வீடு எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"புதுசா வெள்ளையடிச்சு, பளபளன்னு இருக்கு."

இது இரண்டாவது.

மகள் அடுப்புப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. நாலு நாள் வீட்டில் இப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரி ஒரு முடிவுக்கு வந்தாள்.

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பூக்கட்டிப் பாப்போம். அம்மன் சொன்னா மறுபேச்சு இல்ல."

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் முட்டிக்கொண்டு நின்றால் இதுதான் வழி. இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இலையில் மடித்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். கல்யாணமாகாத பெண் ஒருத்தி கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் செம்பூர், சிவப்பு வந்தால் கொழும்பு என்று பேசிக்கொண்டோம். எடுக்கப்போவது என் மகளே.

வெள்ளிக்கிழமை காலையில் நானே மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தேன். நல்ல குண்டு மல்லிகை, செவ்வரளி. பொட்டலம் கட்டுவது பூசாரி வேலை. ஆனால் எங்கள் சந்தில் இருந்த அந்தக் கோவிலுக்கு இரும்புக் கதவு போட்டவன் நான், மணி வாங்கிக் கொடுத்தவன் நான். நானே கட்டுகிறேன் என்றால் பூசாரி என்ன சொல்வார்? திரைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி வைத்தேன். இன்னொன்றிலும் செவ்வரளி வைத்தேன். மல்லிகையைச் சட்டைப்பைக்குள் போட்டு, மேலே கைக்குட்டையை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

கட்டு பிசகவில்லை. தொழிலில் பழகிய கை.

தட்டை அம்மன் முன்னால் வைத்துத் தீபம் காட்டினார்கள். மகள் வந்து குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியவள், அப்படியே நின்றாள். மூச்சை ஒரு தரம் இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து பொட்டலங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை, நெஞ்சுப் பக்கம். பயந்துவிட்டாள் என்று நினைத்து, "எடும்மா" என்றேன். திரும்பக் கண்ணை மூடி, கைக்குக் கிடைத்ததை எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

என் வீட்டுக்காரி தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்ததும், "அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

"அம்மன் குடுத்த பிறகு சோதிக்கவா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று ஓர் அதட்டல் போட்டு, அந்தப் பொட்டலத்தை எடுத்துச் சாம்பிராணிச் சட்டி நெருப்பில் போட்டேன். பச்சை இலை சீறியது. மகள் அதையும் நின்று பார்த்தாள்.

அந்த வருஷமே கல்யாணம். நான் செய்த மாதிரி கல்யாணம் தாராவியில் அதற்கு முன்னால் யாரும் செய்ததில்லை. மூன்று நாள் சாப்பாடு, இரண்டு செட் மேளம், கோவண்டியிலிருந்துகூட ஆட்கள் லாரியில் வந்து சாப்பிட்டார்கள். போரிபந்தர் ஸ்டேஷனில் அவளை மாப்பிள்ளையோடு ரயிலேற்றியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

முதல் வருஷம் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரிக்கு எழுத்து தெரியாது. நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவள் கதவில் சாய்ந்துகொண்டு கேட்பாள். அங்கே இருந்த எங்கள் ஆட்களை யார் எடுத்துக்கொள்வது என்று இந்தியா, இலங்கை இரண்டு சர்க்காரும் பங்கு பிரித்துக்கொண்டதாகப் பேப்பரில் வந்தது அந்தச் சமயம்தான். அதற்குப் பிறகு கடிதங்கள் பிரித்து ஒட்டின மாதிரி வர ஆரம்பித்தன. எதிர்க் கடைக்காரர் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று ஒன்றில். பக்கத்துக் கடைப் பலகையில் யாரோ தார் பூசிவிட்டார்கள் என்று ஒன்றில். பையன் பிறந்திருக்கிறான் என்று ஒன்றில். மூன்றையும் ஒரே மாதிரி எழுத்தில்தான் எழுதியிருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் வந்த கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டே வந்தவன், ஓர் இடத்தில் நிறுத்தினேன்.

'மழை பெய்தால் மேல் அறைச் சுவரில் ஒரு வாடை வருகிறது அப்பா. இவர்கள் ஈரம் என்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் வருகிறது. பிள்ளையை அங்கேதான் படுக்க வைக்கிறேன். உங்களுக்குத் தெரியாத வாடை கிடையாதே. இது என்ன என்று எழுதுங்கள்.'

"ஏன் நிறுத்திட்டிய?" என்றாள் என் வீட்டுக்காரி.

"எழுத்து மசங்கிக் கிடக்கு. பிள்ளைக்குப் பல் முளைக்குதாம்."

அன்றைக்கே பதில் எழுதினேன். ஈரம்தான், சுண்ணாம்பு அடிக்கச் சொல், சரியாகிவிடும்.

பிறகு எனக்குத் தூக்கம் ஒழுங்காக வரவில்லை. தொட்டிப் பக்கம் போனால் எந்தத் தோலை முகர்ந்தாலும் அந்த அறைதான் வந்தது. மச்சானுக்கு எழுதினேன். பெண்ணையும் பிள்ளையையும் கொஞ்ச காலம் இங்கே அனுப்பி வையுங்கள், கட்டிடத்தை விற்றுவிட்டு நீங்களும் வாருங்கள் என்று. அவர் பதில் எழுதினார். அவளும் அந்த ஊர்ப் பிரஜையாகிவிட்டாளாம். இங்கே வருவதென்றால் விருந்தாளியாக விசா வாங்கித்தான் வர முடியுமாம். விற்கலாம் என்றால் அந்தத் தெருவில் வாங்க ஆளே இல்லையாம். ஒரு நாள் செம்பூர் பக்கம் போனேன். மேட்டில் நாலு தளம் எழும்பியிருந்தது. மாடியில் யாரோ பிள்ளைத்துணி உலர்த்தியிருந்தார்கள். அங்கே நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் கடிதம் வந்தது. சின்னக் கடிதம். என் வீட்டுக்காரி கதவில் சாய்ந்து நின்றாள்.

'சுண்ணாம்பு அடித்தோம். வாடை போகவில்லை. நீங்கள் ஈரம் என்று எழுதினால் நான் ஈரம் என்றே வைத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் கோவிலில் இரண்டு பொட்டலத்திலும் மல்லிகை வாசனை இல்லை. அது உங்கள் சட்டைப்பையிலிருந்து வந்தது. கொழும்புக்குப் போ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேனே அப்பா. எதற்கு அம்மனை நடுவில் இழுத்தீர்கள்? நேற்றிலிருந்து எங்கள் தெருவில் கடைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டு போகிறார்கள். யார், எதற்கு என்று தெரியவில்லை. நம் கதவிலும் போட்டிருக்கிறது.'

இந்தத் தடவை நான் ஒரு வரியும் தாண்டவில்லை. எழுத்துக் கூட்டி, எல்லாவற்றையும் உரக்க வாசித்தேன். சாவிக்கொத்தையும் சொன்னேன். நகத்தில் வந்த கரியையும் சொன்னேன். என் வீட்டுக்காரி அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"எழுதுங்க," என்றாள். "அது என்ன வாடைன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

புகை என்பது இரண்டே எழுத்து. மூன்றாம் வகுப்பில் எனக்குச் சரியாக வந்த வார்த்தை. அன்றைக்கு அதை எழுதி முடிக்க வெகு நேரம் பிடித்தது. அதற்குக் கீழே, யாரும் சொல்லாமல் நானாகவே எழுதினேன்.

மாடியில் படுக்காதீர்கள். கீழே, கடையின் பின்வாசல் பக்கம் படுங்கள். பின்வாசல் முன்னால் மூட்டை அடுக்க விடாதே. சாவியைப் பூட்டிலேயே உள்பக்கம் வை. பிள்ளையை உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் போட்டுக்கொள். வாடை கொஞ்சம் கூடின மாதிரி இருந்தால் யாரையும் கேட்காதே. உன் மூக்கு சொல்வதை நம்பு.